வண்டியா, தடமா?

எங்கள் கூட்டத்தில் யாராவது புது டிராக்குக்குப் போகிறார்கள் என்றால் எல்லோரும் சொல்வது ஒரே அறிவுரைதான்: "மொதல்ல டிராக்கைப் படி, வண்டி தானா கைக்கு வந்துடும்." சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில், வண்டிகள் நிற்கிற பிட்டில், டீ குடித்துக்கொண்டே இதைச் சொல்லாத ஆளில்லை. யூடியூபில் கேமரா பதிவைப் பார், எந்த வளைவுக்கு எந்த கியர் என்று எழுதிவை, பிரேக் பிடிக்கிற இடத்தை மனப்பாடம் பண்ணு, கண்ணை மூடினால் முழு லேப்பும், அதாவது டிராக்கின் ஒரு முழுச் சுற்றும், ஓட வேண்டும். நானும் பல வருடம் இதை நம்பித்தான் ஓட்டினேன், அது பலனும் தந்தது. ஆனால் வண்டியும் புதிது, தடமும் புதிது என்று இரண்டும் ஒன்றாக வந்து நின்ற ஒரு வாரக்கடைசிக்குப் பிறகு இந்த அறிவுரை எனக்குச் செரிக்கவே இல்லை. வாரம் முழுக்க ஆபீசுக்குப் போய்விட்டு, சேர்த்த பணத்தில் வருடத்துக்குச் சில ரேஸ் ஓட்டுகிற எங்களைப் போன்றவர்களுக்கு இது தலைகீழான அறிவுரை என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

என் பழக்கம் எல்லாம் டூரிங் காரில். முன்சக்கர இழுவை, கூரை உண்டு, கதவு உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர், 12 வளைவு. அங்கே தார் எங்கே வெடித்திருக்கிறது, மத்தியான வெயிலில் எந்த இடம் வழுக்கும் என்பதுவரை தெரியும். அப்படியிருந்த நான் கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் எல்ஜிபி ஃபார்முலா 4 என்கிற, கூரையில்லாத ஒற்றை இருக்கை ரேஸ் வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டப் போனேன். ஃபார்முலா வண்டியில் ஒரு ரேஸாவது ஓட்டிவிட வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே ஆசை. அந்த ஆசைக்குக் கோயம்புத்தூரைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இல்லை.

அங்கே இருக்கிற தடமான கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான். 2003-ல் திறந்தார்கள். சிறிய விமானங்களுக்காகப் போட்ட ஓடுபாதையில் தொடங்கிய இடம் அது. கரிவரதனின் பெயரைத் தாங்கியது. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் ரேஸ் ஓட்டியவர், மாருதி 800 எஞ்சினைப் போட்டு ஒற்றை இருக்கை வண்டிகளைக் கட்டியவர், 1995-ல் குட்டி விமான விபத்தில் இறந்துபோனவர். ஒரே மாதிரி வண்டிகளை மலிவாகக் கட்டி, பணம் இல்லாத பையன்களையும் ரேஸ் ஓட்டவைக்கலாம் என்று இந்த நாட்டில் செய்து காட்டியவர் அவர்தான். இன்று நான் வேறொருவர் வண்டியில் ஒரு வாரக்கடைசிக்கு மட்டும் ஏறி உட்கார முடிகிறது என்றால் அந்தப் பாதை அங்கிருந்து வருகிறது. அதனால் அந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே போகும்போது எனக்கு மனசு நிறைந்துதான் இருந்தது.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது

ஒற்றை இருக்கை வண்டியில் நாம் ஏறுவதில்லை, நுழைகிறோம். இருக்கை வேறொருவர் உடம்புக்குச் செய்தது. முதுகுக்குப் பின்னால் ஃபோம் துண்டுகளைத் திணித்து, டேப் ஒட்டி, பெல்ட்டை மூச்சு முட்ட இழுத்துக் கட்டினார்கள். பெடல்கள் அவ்வளவு நெருக்கம், கொஞ்சம் அகலமான ஷூ என்றால் பிரேக்கோடு ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதிக்கும். கண்மட்டம் கிட்டத்தட்ட தரையில். காரில் உட்கார்ந்து பார்த்தால் தெரிகிற வளைவின் உள்விளிம்பு இங்கே கடைசி நொடிவரை தெரியாது. அதற்குப் பதிலாக வேறொன்று கிடைக்கிறது: முன்சக்கரங்கள் இரண்டும் கண்ணெதிரே சுற்றுகின்றன. டயர் கெர்பை, அதாவது வளைவோரத்துக் கல்விளிம்பை, தொடுவதை அப்படியே பார்க்கலாம். பிரேக்கை அதிகமாக மிதித்தால் சக்கரம் சுற்றாமல் நிற்பதையும் பார்க்கலாம். இத்தனை வருடம் உடம்பால் ஊகித்துக்கொண்டிருந்த ஒன்றைக் கண்ணால் பார்ப்பது எனக்கு அதிசயமாக இருந்தது.

எஞ்சின் 1300 சிசி, பழைய மாருதி ஸ்விஃப்டில் இருந்ததுதான். நம் தெருவில் ஓடுகிற எஞ்சின். ஆனால் அது முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, பின்சக்கரத்தைச் சுழற்றுகிறது, நான் ஓட்டிப் பழகிய காரின் எடையில் பாதிகூட இருக்காத உடம்பைத் தள்ளுகிறது. பிரேக்குக்கு பூஸ்டர் கிடையாது, காலின் பலம்தான். ஸ்டியரிங்குக்கும் பவர் கிடையாது. இதெல்லாம் போகப் போகப் பழகிவிடும். பழகாதது ஒன்றே ஒன்று. முன்சக்கர இழுவைக் காரில் வளைவின் நடுவே வேகம் அதிகம் என்று தோன்றினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை லேசாக எடுப்போம், மூக்கு உள்ளே திரும்பிக்கொள்ளும். அப்படியும் வால் கொஞ்சம் நழுவினால் மறுபடி மிதிப்போம், வண்டி நேராகிவிடும். இதை யோசித்துச் செய்வதில்லை, கால் தானாகச் செய்யும். எஞ்சின் பின்னால் இருக்கிற வண்டியில் அதே காலை அதே இடத்தில் எடுத்தால் எடை முன்னால் பாய்கிறது, பின்டயர்களின் பிடி தளர்கிறது, வால் வெளியே வந்துவிடுகிறது. பயந்துபோய் அப்போது முழுக்க மிதித்தால் இன்னும் மோசம். என்னைக் காப்பாற்றி வந்த கால்தான் இங்கே என்னைச் சுற்றிவிடப் பார்க்கிறது.

இந்த நிலையில் டிராக்கைப் படிப்பது என்றால் என்ன? நான் மனப்பாடம் செய்துவந்த பிரேக் இடங்கள் எல்லாம் இன்னொருவர் கால் பலத்துக்கும் இன்னொருவர் நம்பிக்கைக்கும் சொந்தமானவை. கேமரா பதிவில் அவர் வளைவுக்குத் தூரம் காட்டும் பலகையைத் தாண்டிப் பிரேக் பிடிக்கிறார் என்றால், அவருக்கு அந்த வண்டி என்ன செய்யும் என்று தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. வளைவுக்குள் போனபின் வண்டி வெளியே தள்ளினால், நான் அதிக வேகத்தில் வந்தேனா, ஸ்டியரிங்கைச் சீக்கிரம் திருப்பினேனா, டயர் இன்னும் சூடாகவில்லையா, இல்லை அந்த வளைவே அப்படித்தானா? எதைக் குற்றம் சொல்வது? இரண்டும் தெரியாதபோது ஒன்றை வைத்து இன்னொன்றை அளக்க முடியாது. ஒன்றையாவது பிடித்து நிறுத்த வேண்டும். சில மணி நேரத்தில் எதைப் பிடித்து நிறுத்த முடியும் என்பதுதான் கேள்வி.

கல்யாண மண்டபத்துக்குச் சமைக்கப் போகிற மாஸ்டர் தன் கரண்டியையும் கத்தியையும் கையோடு கொண்டுபோவார். அடுப்பு எப்படி இருந்தாலும் சமாளிப்பார். நான் வண்டியைத்தான் அந்தக் கத்தியாக்கிக்கொள்ள முடிவு செய்தேன்.

நேரம் வராத பயிற்சி

அடுத்த பயிற்சியில் வளைவுகளை விட்டுவிட்டேன். மெயின் ஸ்ட்ரெய்ட்டில், பின்னால் யாரும் வரவில்லை என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, வளைவே இல்லாத இடத்தில் பிரேக் பிடித்தேன். எவ்வளவு மிதித்தால் முன்சக்கரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மெதுவான வளைவில், வண்டி வழுக்கினாலும் ஒன்றும் ஆகாத வேகத்தில், வேண்டுமென்றே காலை எடுத்து வாலை நகரவைத்தேன். அரைவாசி எடுத்தால் எவ்வளவு, சட்டென்று எடுத்தால் எவ்வளவு. ஸ்டியரிங் எந்த நொடியில் லேசாகிறது என்று கைக்குச் சொல்லிக்கொடுத்தேன். பிடி போகப்போகிறது என்று முதலில் சொல்வது அந்த லேசுதான், வண்டி நழுவுவதெல்லாம் அதற்கு அப்புறம். செட்டிப்பாளையத்தில் இன்னொன்றும் உண்டு, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆடியில் அது அடிக்கிற அடிக்கு இந்த இலேசான வண்டி ஸ்ட்ரெய்ட்டில்கூட ஒரு கை அகலம் ஒதுங்கும். அதையும் பழக வேண்டியிருந்தது.

பிட்டுக்குத் திரும்பினால் டீமில் ஒருவர் நேரத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "ஏனுங்க, டைம் ஒண்ணும் வரலீங்களே. வண்டில ஏதாவது கம்ப்ளெயிண்டுங்களா?" என்றார். இல்லைங்க, வண்டி நல்லா இருக்கு என்றேன். அவர் என் முகத்தையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. தாளில் என் பெயர் கடைசிக்குப் பக்கத்தில் இருந்தது. என்னோடு வந்த இளைஞன் ஒருவன், அவனுக்கும் இதுதான் முதல் ஃபார்முலா ரேஸ், எனக்கு எவ்வளவோ மேலே இருந்தான். முன்னால் போகிறவரின் கோட்டை, அதாவது அவர் வளைவுகளில் போகிற வழியை, பிடித்துக்கொண்டு அப்படியே ஓட்டுகிறேன் என்று சந்தோஷமாகச் சொன்னான். நல்ல பையன், என்னைவிடத் தைரியசாலி. ஒவ்வொரு லேப்பிலும் அவன் முன்னேறிக்கொண்டிருந்தான். அந்தச் சாயங்காலம் நான் செய்வது சரிதானா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது.

பயிற்சி முடிந்தபின் தடத்தை ஒருமுறை நடந்து சுற்றினேன். எல்லோரும் நடப்பது உண்மைதான், ஆனால் பெரும்பாலும் கோட்டின் மேல்தான் நடப்பார்கள். நான் கோட்டுக்கு வெளியே, ரேஸில் யாரும் போகாத பக்கமாக நடந்தேன். டயர் ரப்பர் படியாத சாம்பல் நிறத் தார், அதன் மேல் பொடிமண், உருண்டு கிடக்கும் ரப்பர்த் துணுக்குகள். அந்தப் பக்கமும் தடம்தானே என்று தோன்றியது.

கோடு காணாமல் போன வளைவு

ரேஸ் அன்று, தொடங்குமுன் மெதுவாகச் சுற்றிவருகிற ஃபார்மேஷன் லேப் முடிந்து, கிரிட்டில் அவரவர் தொடக்க இடத்தில் நின்றோம். சிவப்பு விளக்குகள் அணைந்தன. முதல் சில வளைவுகளில் நான் யாரோடும் மோதவில்லை. டூரிங் காரில் கதவோடு கதவு உரசுவது சாதாரணம், இங்கே ஒரு சக்கரம் இன்னொரு சக்கரத்தின் மேல் ஏறினால் வண்டி பறக்கும். அந்தப் பயம் நியாயமான பயம், அதை நான் மதித்தேன். நாலைந்து லேப்பில் கூட்டம் கலைந்து ஆளுக்கொரு இடத்தில் அமர்ந்துவிட்டோம்.

அப்புறம் எனக்கு முன்னால் சில வண்டிகள் தள்ளி ஒன்றின் எஞ்சின் போனது. புகையைப் பார்த்தேன். அந்த டிரைவர் பதறாமல் ஓரம் கட்டினார். ஆனால் அதற்குள் பிரேக் பிடிக்கும் இடத்திலிருந்து வளைவின் உள்விளிம்பைத் தொடுகிற அபெக்ஸ்வரை, எல்லோரும் போகும் கோட்டின் மேலேயே, ஆயில் கொட்டிவிட்டது. அடுத்த சுற்றில் வருவதற்குள் தடத்தோரம் நிற்கிற மார்ஷல்கள் மஞ்சளும் சிவப்பும் கோடுகளாகப் போட்ட கொடியைக் காட்டினார்கள். தரை வழுக்கும் என்று அர்த்தம். ரேஸை நிறுத்தவில்லை.

எனக்கு முன்னால் இருந்தவர்கள் இந்தத் தடத்தை வருடக்கணக்காக ஓட்டியவர்கள். கொடியைப் பார்த்தார்கள், வேகத்தையும் குறைத்தார்கள். ஆனால் குறைத்த வேகத்தில் அதே இடத்துக்குத்தான் வந்தார்கள். உடம்பு வேறு இடத்துக்குப் போக மறுத்துவிடுகிறது. ஒரு வண்டி நேராக மண்ணுக்குள் போனது. இன்னொன்று அரைச்சுற்று சுற்றி எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது. என் தலைக்குள் அப்படி ஆழமாகப் பதிந்த கோடு எதுவும் இல்லாததால் நான் வெளிப்பக்கம், அந்தச் சாம்பல் தாரின் மேல் போனேன். அங்கே அதற்குமுன் நான் பிரேக் பிடித்ததே இல்லை. எங்கே பிடிக்க வேண்டும் என்று சொல்லும் பலகையும் இல்லை. ஆனால் மிதித்த முதல் கணத்திலேயே இங்கே எவ்வளவு பிடி இருக்கிறது என்று காலுக்குத் தெரிந்தது. இடது முன்சக்கரம் தயங்குவது கண்ணில் பட்டது, விட்டேன், மறுபடி மிதித்தேன். திருப்பியதும் ஸ்டியரிங் லேசானது, அப்படியே காத்திருந்தேன். வால் ஒரு அடி நகர்ந்தது. பழைய கால் எடுக்கத் துடித்தது, புதிய கால் எடுக்கவில்லை. வண்டி வளைவைத் தாண்டி வெளியே வந்தது.

அந்த வளைவை அன்றைக்கு முன் யாருமே ஓட்டியதில்லை. இத்தனை வருடமாக அங்கே சுற்றியவர்களுக்கும் அது புதுத் தடம்தான். அடுத்த லேப்பில் சிமெண்ட் தூளைக் கொட்டினார்கள், அது இன்னொரு தடம் ஆனது. அதற்கடுத்த லேப்பில் ஓடிய டயர்கள் தூளைப் பரப்பிவிட்டன, அது வேறொன்று. என்னோடு வந்த அந்த இளைஞன் முன்னால் போனவரின் கோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான் அல்லவா, அவர் மண்ணுக்குள் போனபோது இவனும் கூடவே போனான். ஒரு காயமும் இல்லை, வண்டிக்கும் பெரிய சேதமில்லை. நான் நடுவரிசையில் முடித்தேன். எனக்கு அது போதுமானதுக்கும் மேல்.

நண்பரோடு முடியாத வாதம்

இதைச் சென்னையில் ஒரு பழைய ரேஸ் நண்பரிடம் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆயில் கொட்டினது ஒரு விபத்து. அதை வச்சு தத்துவம் பேசாதே" என்றார். ரேஸ் என்பதே அப்படித்தானே என்றேன். மனப்பாடக் கோடு தனியாக ஓட்டுகிறவனுக்குத்தான் சொந்தம். பக்கத்தில் ஒரு வண்டி வந்தால் கோடு போய்விடும். மழை வந்தால் போய்விடும். டயர் தேய்ந்தால் போய்விடும். தொடக்க வரிசையை முடிவுசெய்கிற தகுதிச் சுற்றில் கோடு கிடைக்கும், ரேஸில் பாதி நேரம் கிடைக்காது.

அவர் விடவில்லை. 2022-ல் இத்தாலியின் மோன்சாவில் நடந்த ஃபார்முலா 1 ரேஸில் டி வ்ரீஸ் கடைசி நிமிடத்தில் வில்லியம்ஸ் வண்டியில் ஏறி ஒன்பதாவதாக முடித்ததைச் சொன்னார். அந்த வண்டியை வழக்கமாக ஓட்டுகிற ஆல்பனுக்குக் குடல்வால் பிரச்சினை, மாற்று ஆளாக வந்தவர். "மோன்சா தெரிஞ்ச ஆளு, அதனாலதான் முடிஞ்சுது." அது என் பக்கத்துக்குத்தான் சாட்சி என்றேன். அதே வருடம் ஸ்பெயினில் வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் அந்த வில்லியம்ஸ் வண்டியை அவர் ஓட்டியிருக்கிறார். வண்டி அவருக்கு முன்பின் தெரியாததல்ல. சரி, 2024-ல் சவுதியின் ஜெட்டாவில் பியர்மேன் என்று கேட்டார். சைன்ஸுக்குப் பதிலாக 18 வயதில் ஃபெராரியில் உட்கார்ந்து, ஒரே ஒரு பயிற்சி ஓட்டி, ஏழாவதாக வந்தவர். அவருக்கு அந்த வாரம் ஃபார்முலா 2-ல் ஓட்டியதால் தடம் கையில் இருந்தது, வண்டிதான் புதிது. இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. சிறு வயதிலிருந்து வேறு வேலையே பார்க்காமல் வளர்ந்தவர் அவர், அவருக்கு எந்த வண்டியும் சீக்கிரம் வசப்படும். எங்களுக்கு வசப்படாது. நான் பேசுவது எங்களைப் பற்றி.

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ டிரைவர்களைப் பிளாட்டினம், கோல்டு, சில்வர், வெண்கலம் என்று பிரிப்பதே இந்த வித்தியாசத்துக்காகத்தான். தொழிலாக ஓட்டாதவர்கள் பெரும்பாலும் வெண்கலம். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயப் பயிற்சியில் அஜித்குமாரின் வண்டி மோதிச் சுற்றிய காட்சியை நாம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அதற்குப் பிறகு அவர் தன் டீமின் முக்கிய வண்டியான போர்ஷே 992-ஐ மற்றவர்களிடம் விட்டுவிட்டு, கேமன் ஜிடி4 வண்டியில் ஓட்டினார். 992 தன் பிரிவில் மூன்றாவது வந்தது. அவருடைய காரணங்களை நான் ஊகிக்கப் போவதில்லை. ரசிகர்கள் சிலருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும். எனக்கு அந்த முடிவின் மேல் பெரிய மரியாதை. 5.39 கிலோமீட்டர் துபாய் தடம் இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான். இன்றைக்கு எந்த வண்டியில் உட்காருவது என்பதைத்தான் ஒரு டிரைவர் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நண்பர் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்க முடியாது. ஜெர்மனியில் நியூர்பர்க்ரிங் தடத்தின் வடக்குச் சுற்று. 20.8 கிலோமீட்டர், காட்டுக்குள், மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றே தெரியாத வளைவுகள் வரிசையாக. அங்கே வண்டியை எவ்வளவு தெரிந்திருந்தாலும் தடம் தெரியாமல் போவது ஆபத்து, அதனால்தான் அங்கே ரேஸ் ஓட்டத் தனி அனுமதிச் சீட்டு வைத்திருக்கிறார்கள். சிமுலேட்டரில் மாதக்கணக்கில் ஓட்டிவிட்டுப் போங்கள், நல்லது. இரண்டு கிலோமீட்டர் தடத்துக்கு அது பொருந்தாது. செட்டிப்பாளையத்தில் அடுத்த வளைவு எப்போதும் கண்ணெதிரேதான் இருக்கிறது, சில லேப்பில் வழி தெரிந்துவிடும். சிமுலேட்டர் காட்டாதது பூஸ்டர் இல்லாத பெடலின் கனமும் கணவாய்க் காற்றும்தான்.

இப்போது நான் கேட்பது சின்ன விஷயம். புதியவர்களுக்கான பந்தயங்களில் முதல் பயிற்சியின் நேரத்தாளை ஒட்டாதீர்கள். யார் எத்தனையாவது என்று அந்த முதல் இருபது நிமிடத்தில் யாருக்கும் தெரிய வேண்டாம். தாள் ஒட்டினால் பையன்கள் தாளுக்காக ஓட்டுவார்கள், முன்னால் போகிறவர் வாலைப் பிடிப்பார்கள். ஒட்டாவிட்டால் ஸ்ட்ரெய்ட்டில் பிரேக்கை அழுத்திப் பார்க்க ஒரு சிலருக்காவது மனம் வரும். அவர்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் அது பாதுகாப்பு. நண்பரிடம் இதைச் சொன்னேன். தாள் இல்லாமல் எவன் ரேஸுக்கு வருவான் என்று கேட்டார். அடுத்த சீசனில் அவர் மகன் முதல் முறையாக ஃபார்முலா வண்டியில் ஏறப் போகிறான், செட்டிப்பாளையத்தில்தான். முதல் பயிற்சிக்கு என்னை வந்து நிற்கச் சொல்லியிருக்கிறார்.